கம்பி போட்டிருக்கும் தம்பிக்குத் தாடை ஆப்பரேஷன்: தேதி வருவதற்குள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

லயத்துவீட்டு அக்கா (சுங்கை சிப்புட், மலேசியா):

எல்லாருக்கும் வணக்கம். கேட்பது என் தம்பிக்காக. வயது 20, செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் ஷிப்ட் வேலை. கீழ்த்தாடை முன்னுக்கு நிற்கிறது. வாயை மூடினால் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே வந்துவிடும். மீயைக்கூட (நூடுல்ஸ்) முன்பல்லால் அறுக்க முடியாது. அரசாங்கப் பல் கிளினிக்கில் கடிதம் கொடுத்து, இப்போது ஈப்போவில் நிபுணரிடம் கம்பி போட்டு வருகிறான். மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல் எடுத்திருக்கிறார்கள். கம்பி வேலை ஒரு நிலைக்கு வந்ததும் தாடை ஆப்பரேஷன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கம்பி போட்ட பிறகு கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துவது, முன்னைவிட மோசமாகிவிட்டது. தாடை இன்னும் வெளியே வந்த மாதிரி தெரிகிறது, பேச்சிலும் காற்று போகிறது. அம்மா பயந்துபோய், "கழற்றிவிட்டு டவுனில் வேறு யாரிடமாவது போடலாம்" என்கிறார். இது சரியாகத்தான் போகிறதா? ஞானப்பல்லை இப்போதே எடுக்க வேண்டுமா, ஆப்பரேஷனோடு எடுத்தால் போதுமா? தம்பி வேப் பிடிப்பான், எப்போது நிறுத்த வேண்டும்? ஆப்பரேஷன் முடிந்து வீட்டில் என்ன ஆக்கிக் கொடுப்பது? வேலைக்கு எத்தனை நாள் லீவு கேட்பது? ஆஸ்பத்திரியில் கேட்க நினைப்பதெல்லாம் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. அதனால்தான் இங்கே மொத்தமாகக் கேட்கிறேன்.

நேர்கம்பி:

அக்கா, அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது. கடி மோசமாகத் தெரிவது தவறு நடந்ததற்கான அடையாளம் இல்லை. தாடை ஆப்பரேஷனுக்குத் தயார் செய்யும் கம்பி, பல்லை வேண்டுமென்றே அந்தப் பக்கம்தான் கொண்டுபோகும்.

தாடை பொருந்தாமல் வளரும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. கீழ்த்தாடை முன்னே போகப் போகக் கீழ் முன்பற்கள் உள்பக்கமாகச் சாயும், மேல் முன்பற்கள் வெளிப்பக்கமாகச் சாயும். ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கப் பார்க்கும். உதாரணத்துக்கு, எலும்பில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பல்லில் 4 மில்லிமீட்டர்தான் தெரியும். அப்படியே ஆப்பரேஷனுக்குப் போனால் நிபுணரால் தாடைகளை அந்த 4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த முடியாது, பல் பல்லோடு முட்டி நின்றுவிடும். மீதி 6 மில்லிமீட்டர் முகத்திலேயே தங்கிவிடும். மேலே இரண்டு பல் எடுத்ததும் இதற்காகத்தான். வெளியே சாய்ந்திருக்கும் மேல் முன்பற்களை உள்ளே இழுக்க இடம் வேண்டும். பற்கள் தத்தம் எலும்பின் மேல் நேராக நிற்கும்போது உண்மையான இடைவெளி வெளியே தெரியும். அதைத்தான் நீங்கள் இப்போது பார்க்கிறீர்கள். இந்தக் கட்டத்துக்குப் பொதுவாக 12 முதல் 18 மாதம் ஆகும், பல் நெருக்கம் அதிகமென்றால் 24 மாதம் வரை போகும்.

டவுனில் கழற்றிப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாதாரணக் கம்பி போடுகிறவர் நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பார்த்தவுடன் கடியை மூடப் பார்ப்பார். அதாவது ஒரு வருஷமாக நேராக்கிய பல்லை மறுபடி சாய்ப்பார். அதைவிட மோசம், வீட்டிலும் சலூனிலும் வைத்துக் கம்பி போட்டுவிடும் போலிகள். பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு, கழன்றது என்று அவர்களிடம் ஒட்டிக்கொள்ளவும் போகக்கூடாது.

ரப்பர் பேண்டு விஷயத்திலும் இதே குழப்பம் நடக்கும். கீழ்த்தாடை முன்னே உள்ளவருக்கு ஆப்பரேஷனுக்கு முன் ரப்பர் கொடுத்தால், பெரும்பாலும் மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு மாட்டச் சொல்வார்கள். ஆப்பரேஷன் இல்லாமல் கடியைச் சரிசெய்யும் ஒருவருக்கு நேர் எதிர்த்திசை. நண்பனுக்குச் சொன்னதைப் பார்த்து மாட்டினால் மாதக்கணக்கில் செய்த வேலை தலைகீழாகிவிடும். எந்தப் பல்லிலிருந்து எந்தப் பல்லுக்கு என்று கிளினிக்கிலேயே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து வளர்ச்சி. 20 வயது ஆண்பிள்ளை, அதுவும் கீழ்த்தாடை வளர்ந்த முகம் என்றால் நான் அவசரப்பட மாட்டேன். பெண்களுக்குத் தாடை வளர்ச்சி பெரும்பாலும் 16, 17 வயதில் அடங்கிவிடும். ஆண்களுக்கு 20, 21 வரை மெல்ல மெல்லப் போகலாம். ஆப்பரேஷனுக்குப் பிறகு கீழ்த்தாடை மறுபடி வளர்ந்தால் கடி திரும்பவும் மாறிவிடும். அதனால் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயை ஆறு மாதமாவது இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். எலும்பு அசையவில்லை என்றால்தான் தேதி. "இன்னொரு எக்ஸ்ரே, ஆறு மாசம் கழிச்சு வா" என்று சொன்னால் அலைக்கழிப்பதாக நினைக்காதீர்கள்.

தயாராகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? உருண்டைக் கம்பி போய்ச் செவ்வகமான கனத்த ஸ்டீல் கம்பி வந்திருக்கும், பெரும்பாலும் 0.019க்கு 0.025 அங்குலம். அந்தக் கம்பி உள்ளே போன பிறகு குறைந்தது 4 வாரம், முடிந்தால் 6 வாரம், பல் எதுவும் நகராமல் அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசி அளவு எடுப்பார்கள். அந்த அளவை வைத்துத்தான் ஆப்பரேஷன் மேசையில் தாடையை எங்கே நிறுத்துவது என்று காட்டும் பிளாஸ்டிக் தகடு, அதாவது ஸ்ப்ளின்ட், செய்கிறார்கள். இரண்டு தாடையும் நகர்த்துவதென்றால் இரண்டு தகடு: மேல்தாடையை முதலில் நிறுத்த ஒன்று, கீழ்த்தாடையை அதோடு பொருத்த இன்னொன்று. அளவு எடுத்த நாளுக்குப் பிறகு கம்பியில் யாரும் கைவைக்கக்கூடாது. ஒரு பல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தகடு உட்காராது.

ஆகவே அந்தக் கடைசி வாரங்களில் பிராக்கெட் ஒன்று கழன்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். பல் நகர்வது ஒரு காரணம். இன்னொன்று, ஆப்பரேஷனின்போது தாடையைக் கட்டி இழுப்பதெல்லாம் இந்தக் கம்பியைப் பிடித்துத்தான். தளர்ந்த பிராக்கெட் அந்த நேரத்தில் கழன்று தொண்டைக்கோ புண்ணுக்குள்ளோ போனால், அதைத் தேடி எடுப்பது பெரிய பாடு. கண்ணாடி மாதிரி நிறமில்லாத பிராக்கெட் இதனால்தான் இந்த வேலைக்கு ஆகாது, இழுவையில் உடைந்து சில்லாகும். கலர் ரப்பர் வளையங்களையும் கழற்றிவிட்டு எல்லாப் பல்லிலும் மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டி, கொக்கிகள் வைத்து அனுப்புவோம். கொக்கி கன்னத்தில் குத்தும். மெழுகு வாங்கி வையுங்கள்.

தைப்பிங் பல்தாதி:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொத்தைப் பல், ஈறு வீக்கம் எல்லாம் கடைசி அளவுக்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு சில வாரம் வாய் திறக்காது, பல் அடைக்க வழியே இருக்காது. கம்பியைச் சுற்றி ஈறு தடித்திருந்தால் வெட்டுகிற இடத்தில் ரத்தம் அதிகம் வரும், தையல் பிடிக்காது. ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பிரஷ்ஷைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் நுழையும் சின்னப் பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். ஷிப்ட் முடிந்து வந்து அப்படியே படுத்துவிடுகிற பிள்ளைகளுக்குத்தான் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழுகிறது. அது கம்பி கழற்றிய பிறகும் பெரும்பாலும் முழுதாகப் போகாது.

ஞானப்பல் பற்றி: கீழ் ஞானப்பல் இருக்கும் இடமும் கீழ்த்தாடையைப் பிளக்கும் இடமும் ஒன்றே. பல் அங்கே புதைந்திருந்தால் எலும்பு நினைத்த கோட்டில் பிளக்காமல் தாறுமாறாக உடையலாம். அதனால் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக எடுத்துவிட்டால் குழியில் எலும்பு நிரம்பிவிடும். முன்னாலேயே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மயக்க அறை:

தாதி சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஞானப்பல்லை அதே ஆப்பரேஷனில் எடுக்கும் நிபுணர்களும் இருக்கிறார்கள், இரண்டுமே நடைமுறையில் உள்ள முறை. ஒரு மயக்கம் மிச்சமாகும், ஒரு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) மிச்சமாகும். எந்த நிபுணர் எந்த முறை என்பதை இப்போதே கேட்டுவிட வேண்டும். ஆறு மாதக் கணக்கு தெரியாமல் தேதி கிடைத்த பிறகு "ஞானப்பல் இருக்கிறதே" என்று தள்ளிப்போவதுதான் வீண். மேல் ஞானப்பல் அவ்வளவு பிரச்சினை இல்லை.

இனி மயக்கம் கொடுக்கும் பக்கத்திலிருந்து. இந்த ஆப்பரேஷனில் மூச்சுக்குழாய் வாய் வழியாகப் போகாது, மூக்கு வழியாகப் போகும். பல்லைக் கடிக்க வைத்துப் பொருத்த வேண்டும் அல்லவா, வாயில் குழாய் இருந்தால் முடியாது. அதனால் மூக்கடைப்பு, சைனஸ், மூக்கில் பழைய அடி, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேதிக்கு முந்தின வாரத்தில் சளி, இருமல், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் போன் செய்யுங்கள். மறைத்துக்கொண்டு வந்தால் மயக்க அறை வாசலில் திருப்பி அனுப்புவார்கள். அந்த நாள் இன்னொரு நோயாளிக்கும் கிடைக்காமல் போகும்.

வேப். "இதில் புகையிலை இல்லையே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நிக்கோட்டின்தான் விஷயம். அது சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மேல்தாடையை வெட்டி விடுவிக்கும்போது அந்த முழு எலும்புக்கும் ரத்தம் அண்ணத்திலும் கன்னத்துப் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் சதை வழியாக மட்டுமே போகும். அந்த வழியும் சுருங்கினால் ஈறு கறுத்துப் போகலாம், எலும்பு ஒட்டாமல் இழுக்கும், கிருமி பிடிக்கும். குறைந்தது 4 வாரம் முன்னால் நிறுத்தி, எலும்பு ஒட்டும் வரை, அதாவது 6 முதல் 8 வாரம் வரை, தொடவே கூடாது. சொந்தமாக முடியவில்லை என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. ஆனால் நிக்கோட்டின் பட்டையோ சூயிங்கமோ பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் தேதி தள்ளும். இரும்பு மாத்திரைக்கு வேலை செய்ய வாரக்கணக்கில் நேரம் வேண்டும், அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குடும்பத்தில் தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) இருந்தாலும், பிறக்கும்போதே ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) குறைபாடு என்று அட்டை கொடுத்திருந்தாலும் அதைக் கையோடு கொண்டு வாருங்கள். சில மருந்துகள் ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு ஆகாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்செங், பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய ஜாமு (மலாய் மூலிகை மருந்து), நாட்டு மருந்துச் சூரணம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டுங்கள். எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெறும் வயிற்றுக் கணக்கு: சாப்பாடு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். மைலோ, பால் தேத்தண்ணி, சோயாப் பால் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேரும், தண்ணீர்க் கணக்கில் இல்லை. வார்டில் வேறு நேரம் சொன்னால் வார்டு சொல்வதைக் கேளுங்கள். கடுக்கன், மூக்குத்தி, காப்பு, அரைஞாண் கயிற்றில் உலோகம் இருந்தால் எல்லாம் வீட்டிலேயே. சாமிக் கயிறு பற்றி முதல் நாளே தாதியிடம் சொன்னால் பிளாஸ்டர் போட்டு மூடுவதா, கழற்றுவதா என்று பேசி முடிவு செய்யலாம்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியம். தம்பிக்கு 18 தாண்டிவிட்டது, கையெழுத்து அவன்தான் போட வேண்டும். கீழ்த்தாடையைப் பிளக்கும் இடத்தின் உள்ளேயே கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்பு ஓடுகிறது. முதலில் ஏறக்குறைய எல்லாருக்கும் மரத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்து நிற்கும். வாய் அசைவு பாதிக்காது, தொடு உணர்வுதான் குறையும். இதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதும் தெரியாமல் சம்மதிப்பதும் ஒன்றல்ல. குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் பதில் அவன் வாயிலிருந்து வரட்டும்.

லயத்துவீட்டு அக்கா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு 10 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் கணக்கைச் சொன்னதும்தான் மனம் அடங்கியது. தம்பி வேப்பை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறான், பார்க்கலாம்.

சாப்பாடு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. அவன் எடை 60 கிலோ. வாயைக் கம்பியால் கட்டிவிடுவார்களா? அப்படியென்றால் ராத்திரி வாந்தி வந்தால் என்ன செய்வது? இந்தப் பயம்தான் எனக்கு அதிகம்.

நேர்கம்பி:

வாந்திக்கு நான் சொல்கிறேன், சாப்பாட்டுக்கு அறிந்தவர் வரட்டும். இப்போது எலும்பை டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பிடித்துவிடுவதால், பெரும்பாலும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவதில்லை, ரப்பர்தான். ரப்பரைக் கண்ணாடி முன் நின்று கொக்கியால் கழற்றலாம். அதை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று வார்டை விட்டு வருவதற்குள் நீங்களும் தம்பியும் செய்து காட்டியிருக்க வேண்டும். கம்பியால் கட்டியிருந்தால் வெட்டும் குறடு இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள், எந்தக் கம்பிகளை வெட்ட வேண்டும் என்றும் காட்டச் சொல்லுங்கள்.

முதல் நாளில் வாந்தி வருவது பெரும்பாலும் விழுங்கிய பழைய ரத்தத்தால். வயிற்றில் இருப்பது திரவம் மட்டுமே. பல் மூடியிருந்தாலும் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாலும் பல் இடுக்கிலும் அது வெளியே வந்துவிடும். முன்னே குனிந்து, முகத்தைக் கீழே காட்டி, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்தால் போதும். மல்லாந்து படுக்க வைக்கவே கூடாது. தூங்கும்போதும் முதல் இரண்டு வாரம் மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள், வீக்கத்துக்கும் அதுவே நல்லது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வீட்டுக்கு வரும்போது முகம் பூசணியாக இருந்தால் அம்மா அழ வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

மேல்தாடையும் வெட்டியிருந்தால் சில வாரம் மூக்கைச் சீந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கிலிருந்து பழுப்பு நிறத்தில் கசிவது சில நாள் இருக்கும். பளிச்சென்ற சிவப்பு ரத்தம், அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வந்தால் அவசரப் பிரிவு. மூச்சுத் திணறல், ஒரு தடவை வடிந்த வீக்கம் மறுபடி ஏறுவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நேற்றுப் பொருந்திய கடி இன்று பொருந்தாமல் போவது, எதுவானாலும் அடுத்த சந்திப்புத் தேதி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கஞ்சிக் கணக்கு:

தங்கச்சி, சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். ஆஸ்பத்திரிச் சத்துணவுப் பிரிவு வேலை.

60 கிலோ எடைக்குப் புரதம் ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம், சக்தி 1800 முதல் 2000 கலோரி. எலும்பும் சதையும் ஒட்டும் நேரம், இதற்குக் குறையக்கூடாது. வீட்டில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: நீர்க்கஞ்சி, இளநீர், பார்லித் தண்ணி என்று நாள் முழுக்கக் கொடுப்பார்கள். வயிறு நிறையும், சத்து இருக்காது. பையன் மெலிந்து, எழுந்தால் தலை சுற்றும். கொடுக்கும் ஒவ்வொரு கோப்பையிலும் புரதமும் கொழுப்பும் இருக்க வேண்டும்.

ஒரு வேளைக் கஞ்சிக்கு அளவு: அரிசி 50 கிராம், மைசூர் பருப்பு 30 கிராம், எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 60 கிராம், கேரட் பாதி, தண்ணீர் 600 மில்லிலிட்டர். பருப்பு கரையும் வரை வேக வைத்து, வெதுவெதுப்பானதும் பிளெண்டரில் நன்றாக அரைத்து, கண் சின்னதான வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிக்கவும். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய். இதில் ஏறக்குறைய 460 கலோரி, 23 கிராம் புரதம். கெட்டியாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் பால் அல்லது சூப் ஊற்றி இளக்குங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், சத்து கூடாது. தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டாலும் சக்தி ஏறும்.

பாலுக்கு: முழுக் கொழுப்புப் பால் 250 மில்லிலிட்டரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 25 கிராம் கலக்கினால் ஏறக்குறைய 250 கலோரி, 17 கிராம் புரதம். இதில் மைலோவோ வாழைப்பழமோ அரைத்துச் சேர்க்கலாம். மேலே சொன்ன கஞ்சி இரண்டு வேளை, இந்தப் பால் மூன்று தடவை, நடுவில் தாவுஃபூஃபாவை (மெத்தென்ற சோயாக் கட்டி) பாலோடு அரைத்து ஒரு கோப்பை கொடுத்தால் கணக்கு ஓரளவுக்கு நிறைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத வயிறென்றால் சோயாப் பால். முட்டையைப் பச்சையாக அடித்து ஊற்றும் பழக்கம் வேண்டாம். கொதிக்கும் கஞ்சியில் உடைத்து ஊற்றி, முழுதும் வெந்த பிறகு அரையுங்கள்.

ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிலிட்டர்தான் இறங்கும். அதற்கே அரை மணி நேரம் ஆகும். ஆகவே மூன்று வேளைச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது, இரண்டரை மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு ஏழெட்டு தடவை. வீட்டில் யாராவது அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிக் கவனித்தால்தான் நடக்கும். பசி தெரியாது, வேண்டாம் என்பான். கேட்டுவிட்டு விடாதீர்கள்.

ஊட்டுவதற்கு 50 மில்லிலிட்டர் ஊசிக்குழல், ஊசி இல்லாதது, முனை நீண்டது. அதன் முனையில் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒரு விரல் நீளம் மாட்டிக் கன்னத்துக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து 5 மில்லிலிட்டர் அளவாகத் தள்ள வேண்டும். தள்ளுகிற கை அவனுடையதாக இருப்பது நல்லது, விழுங்கும் வேகம் அவனுக்குத்தான் தெரியும். சுங்கை சிப்புட் மருந்துக் கடைகளில் இல்லையென்றால் ஈப்போ போகும்போது நாலைந்து வாங்கி வையுங்கள், ரப்பர் முனை சில நாளில் இறுகிவிடும். மெதுவாக அழுத்தினால் பீய்ச்சும் கிச்சாப் போத்தலும் புதிதாக வாங்கிப் பயன்படுத்தலாம். உறிஞ்சுகுழல் வேண்டாம். உறிஞ்சும் இழுவை தையலுக்கும், மேல்தாடை வெட்டியிருந்தால் சைனஸுக்கும் நல்லதில்லை.

உதடு மரத்திருக்கும், சூடு தெரியாது. பால் குழந்தைக்குப் பார்ப்பது மாதிரி உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். காரம், புளிப்பு முதல் இரண்டு வாரம் கிட்ட வரக்கூடாது. ரசம் கேட்பான், மிளகும் புளியும் தையலில் எரிச்சல் கொடுக்கும். கடுகு, கறிவேப்பிலை, கொய்யா விதை, மிளகாய் விதை எதுவும் வடிகட்டியைத் தாண்டக்கூடாது, தையலில் மாட்டினால் எடுக்க முடியாது. நெத்திலிச் சூப் நல்லது, முள் போக இரண்டு தடவை வடியுங்கள்.

கஞ்சியை மொத்தமாக ஆக்கி 250 மில்லிலிட்டர் டப்பாக்களில் உறைய வைத்துக்கொள்ளலாம். இங்கே இருக்கிற வெயிலில் மேசைமேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நாள் முழுக்க இப்படியே ஆக்கி, இந்த ஊசிக்குழலிலேயே சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளெண்டர் சரியாக அரைக்கவில்லை என்பதும், எந்த ருசி அவனுக்குக் குமட்டுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தைப்பிங் பல்தாதி:

பால், மைலோ எல்லாம் சர்க்கரை. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்தவுடன் அதே ஊசிக்குழலில் வெறும் தண்ணீர் 50 மில்லிலிட்டர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். காலையும் இரவும் குழந்தைப் பிரஷ், தலை சின்னது, முடி மென்மையானது. கன்னத்துப் பக்கம் கம்பி மேல் மட்டும், தையலைத் தொடாமல். குளோர்ஹெக்சிடின் (கிருமி கொல்லும் வாய் கழுவும் மருந்து) கொடுத்திருந்தால் 10 மில்லிலிட்டர், ஒரு நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் அது, பேஸ்ட்டோடு சேர்ந்தால் வேலை செய்யாது. பல் பழுப்பாகும், பிறகு சுத்தம் செய்தால் போய்விடும். உதட்டுக்கு வாஸ்லின் நிறைய வாங்குங்கள்.

சங்கத்துக்காரர்:

லீவு விஷயம் யாரும் தொடவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்படி, சாதாரண எம்சி தனி, ஆஸ்பத்திரி லீவு தனி. சாதாரண எம்சி இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரி லீவு ஒரு வருஷத்துக்கு 60 நாள். வீட்டில் படுத்திருந்தாலும், ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நிலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது அந்த 60 நாளில் சேரும். அதனால் டிஸ்சார்ஜ் நாளில் எம்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். வாய் அறுவை நிபுணர் பல் மருத்துவர்தான். பல் மருத்துவர் கொடுக்கும் எம்சி செல்லாது என்று ஆபீசில் சொன்னால் நம்ப வேண்டாம், சட்டத்திலேயே இருக்கிறது. லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி கிடைத்தவுடன் எழுத்தில் கொடுத்துவிட்டால் நல்லது.

ஆலை வேலை என்பதால் இன்னொன்று. மேசை வேலைக்கு மூன்று நான்கு வாரத்தில் திரும்பலாம். தம்பி குலை இறக்கும் இடத்திலோ கொதிகலன் பக்கத்திலோ நின்றால் அது போதாது. கனம் தூக்கும்போது பல்லைக் கடிப்பது பழக்கம், எலும்பு ஒட்டுமுன் அது ஆகாது. முகத்தில் அடிபடும் வாய்ப்பு உள்ள வேலை குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் வேண்டாம் என்று டாக்டரிடம் இலகு வேலைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். "என்ன வேலை செய்கிறார்" என்று டாக்டர் கேட்டால் "ஃபேக்டரி" என்று மட்டும் சொல்லாமல், தினமும் என்ன தூக்குகிறான், எங்கே ஏறுகிறான் என்று சொல்லுங்கள்.

தகடு, திருகுச் செலவுக்குத் தனியாகப் பணம் கேட்டால் பதறாதீர்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் (மருத்துவச் சமூக நலப்பணி) பிரிவு இருக்கிறது. வீட்டில் சம்பாதிக்கும் எல்லாருடைய சம்பளச் சீட்டு, வீட்டு பில் எடுத்துக்கொண்டு ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே போய்ப் பேச வேண்டும். தனியார் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருந்தால் பல், பிறவிக் குறை, அழகு சிகிச்சை என்று எதையெல்லாம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

லயத்துவீட்டு அக்கா:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்சடித்துக் கோப்பில் வைத்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஆப்பரேஷன் முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுவார்களா? அடுத்த வருஷம் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது.

நேர்கம்பி:

இல்லை அக்கா. எலும்பு சரியான இடத்துக்கு வந்தாலும் பல் ஒன்றோடொன்று முழுதாகப் பிணைந்திருக்காது, அதை உட்கார வைக்க இன்னும் 6 முதல் 12 மாதம் கம்பி இருக்கும். ஆப்பரேஷன் முடிந்து சில வாரத்தில் கனத்த கம்பியைக் கழற்றி மெல்லிய கம்பி போட்டு, ரப்பர் திசையையும் மாற்றுவார்கள். அந்த மாதங்களில் ரப்பரை ஒழுங்காக மாட்டாவிட்டால் கிடைத்த பலன் மெல்ல நழுவும். கல்யாணத் தேதியை வைத்து நிபுணரை அவசரப்படுத்த வேண்டாம். கம்பியோடு சிரிக்கலாம், முன்பல்லும் அப்போது சரியாக மூடியிருக்கும். ஆப்பரேஷன் தேதியும் கல்யாணமும் ஆறு வாரத்துக்குள் வருகிற மாதிரி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், விருந்தில் அவனால் எதையும் மெல்ல முடியாது.

இன்னொன்று, அடுத்த சந்திப்பில் இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: இரண்டு தாடையுமா அல்லது கீழ்த்தாடை மட்டுமா, ஞானப்பல் எப்போது, அடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே எந்த மாதம். அந்தப் பதில்களை இங்கே போட்டால் மீதியைச் சொல்கிறோம்.